சம்பூரணத்துக்கு ஏற்ற மிஷின்

செப்டம்பர் 3, புதன்

இன்றிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறேன். என் தங்கச்சி மகள் மேகலா போட்ட உத்தரவு. ஈரோட்டில் ஒரு துணிக் கம்பெனியில் கம்ப்யூட்டர் பிரிவையே கட்டி ஆள்கிறாள். "மாமா, மிஷின்ல தெனமும் எதை நோண்டுனீங்கன்னு எழுதி வெச்சுருங்க. இல்லாட்டி எதைக் கெடுத்தீங்கன்னு எனக்குத் தெரியாது" என்றாள்.

நான் ஒன்பதாவது வரை படித்தவன். பத்தாவதும் படித்திருந்தால் என்னை டெல்லிக்கே கூட்டிப் போயிருப்பார்கள். பவானியில் கேபிள் நாச்சிமுத்து என்றால் தெரியாத வீடு கிடையாது. காவிரியில் வெள்ளம் போகும்போது ஒயரைப் பல்லில் கடித்துக்கொண்டு நீந்திப்போய் அக்கரைக் குமாரபாளையத்துக்குக் கிரிக்கெட் மேட்ச் காட்டியவன். அப்படிப்பட்டவனுக்கு ஒரு கம்ப்யூட்டர் எம்மாத்திரம்.

மேற்படி வாக்கியத்தைச் சம்பூரணத்திடம் படித்துக் காட்டினேன். அவள் கம்ப்யூட்டரில் தட்டினாள். "பாலத்து மேல நடந்து போனீங்க. நான்தான் டிபன் கொண்டாந்தேன்."

சம்பூரணம் என் வீட்டுக்காரி. சார்பதிவாளர் ஆபீஸ் எதிரே பத்திரம் எழுதுகிறவரிடம் டைப்பிஸ்டாக இருந்தவள். பவானி தாலுகாவில் பாதி நிலம் அவள் விரல் வழியாகத்தான் கைமாறியது. பங்குனியிலிருந்து அவளுக்குப் பேச்சு வரவில்லை. தொண்டை நரம்புக்குக் களைப்பு. பேனாவும் பிடிக்க வரவில்லை. ஆனால் கையை எடுத்துக் கீபோர்டில் வைத்துவிட்டால் ஊர் வம்பெல்லாம் பேசுவாள். அதனால் அவள் வாய் இப்போது அந்த மேஜை மேல்தான் இருக்கிறது.

பிரச்சினை என்னவென்றால் மிஷின் மெதுவாக இருக்கிறது. அவள் "தண்ணி" என்று அடித்தால் "தண்ண்ண்ண்ணி" என்று வருகிறது. சில எழுத்து வருவதே இல்லை. இந்த விண்டோஸுக்கு இனிமேல் புதுச் சரக்கு வராது என்று திரையிலும் ஏதோ அறிவிப்பு வந்தது. தூக்கிவிட முடிவு செய்துவிட்டேன்.

செப்டம்பர் 5, வெள்ளி

லினக்ஸ் என்று ஒன்று இருக்கிறது. காசு கிடையாது. யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்த்துச் சேர்த்துக்கொள்ளலாம். இதைத்தான் நான் அந்தக் காலத்திலேயே கேபிள் பூஸ்டர் டப்பாவில் செய்தேன், ஆனால் அதற்குப் பெயர் வைக்கவில்லை.

மேகலாவிடம் போனில் சொன்னேன். அதை விட்டுவிட்டு, "மாமா, டாக்டர் போன வாரம் என்னங்க சொன்னாரு?" என்றாள். டாக்டர் மூன்று இங்கிலீஷ் எழுத்தில் ஒரு பேர் சொன்னார். பிடிஓ, ஆர்டிஓ மாதிரி. கவர்ன்மென்ட் ஆபீஸ் மாதிரி பேர் வைத்திருக்கிற வியாதி என்ன பெரிய வியாதியாக இருந்துவிடப் போகிறது. அதைச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றாள்.

செப்டம்பர் 7, ஞாயிறு

மேகலா வந்தாள். பென்டிரைவில் லினக்ஸ் கொண்டுவந்தாள். ஒரு பென்டிரைவுக்குள் ஒரு ராஜ்யத்தையே அடைத்துவிட்டார்கள். பழைய ஃபைல்களை எல்லாம் தனியாக எடுத்து வைத்துக்கொண்டுதான் ஆரம்பித்தாள். நான் பக்கத்தில் நின்று ஆலோசனை சொன்னேன். நான் இல்லாவிட்டால் திணறியிருப்பாள்.

மத்தியானம் முடிந்தது. மேகலா கை கழுவப் போயிருந்தாள். சம்பூரணத்தை நாற்காலியோடு நகர்த்தி மேஜை முன்னால் விட்டு, "ஏதாச்சும் பேசு" என்றேன். தட்ட ஆரம்பித்தாள். திரையில் வந்ததெல்லாம் இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியும் கமாவும். ஒரு வார்த்தை தமிழ் இல்லை. அவளோ நிறுத்தவே இல்லை. திரையையும் என்னையும் ஒரு தரம் பார்த்துவிட்டு, நேராகச் சுவரைப் பார்த்துக்கொண்டு, வரி வரியாக அடித்துக்கொண்டே போனாள்.

அவளுக்குச் சித்தமும் கலங்கிவிட்டதோ என்று பயந்துவிட்டேன். அதை இங்கே எழுதுவதற்குக் காரணம் உண்மையை எழுதவேண்டும் என்று மேகலா சொன்னதுதான். மற்றபடி நான் பயந்ததே கிடையாது.

மேகலா ஓடி வந்து பார்த்துச் சிரித்துவிட்டாள். "மாமா, அத்தை பழைய டைப்ரைட்டர் முறையில அடிக்கிறாங்க. அதுக்குண்டான தமிழ் எழுத்துரு இந்த மிஷின்ல இன்னும் போடலீங்க. அவ்வளவுதான்." பழைய ஃபைல்களோடு எடுத்து வைத்திருந்ததை எதையோ உள்ளே போட்டு, அந்தக் குப்பை முழுவதையும் ஒரே அமுக்கில் மாற்றினாள். குப்பை அப்படியே தமிழாகிவிட்டது.

"பயப்படாதீங்க. எழுத்துருவை மாத்துனா சரியாப்போகும். முகத்தைத் தொடைங்க. மேகலாவுக்கு அப்பளம் பொரிச்சீங்களா. பயப்படாதீங்க" என்று இருந்தது.

நடு நடுவே எழுத்துகள் இரட்டித்தும் விட்டும் இருந்தன. லினக்ஸும் மெதுவாகத்தான் இருக்கிறது.

செப்டம்பர் 8, திங்கள்

அப்பளம் பொரிக்கவில்லை என்பதையும் எழுதிவைக்கிறேன்.

செப்டம்பர் 13, சனி

லினக்ஸில் ஒரு விசேஷம். உள்ளே எஞ்சின் ஒன்றுதான், மேலே உடம்பு மட்டும் வேறு வேறாக மாட்டிக்கொள்ளலாம். அதற்கு டெஸ்க்டாப் என்று பேர். லாரிக்குப் பாடி கட்டுகிற மாதிரி. சம்பூரணத்துக்கு எந்த பாடி பொருந்துகிறதோ அதைக் கண்டுபிடித்துவிட்டால் வேகம் வந்துவிடும்.

முதலில் இருந்ததன் பேர் க்னோம். கீழே பட்டன் இல்லை, ஒன்றும் இல்லை, கல்யாணம் முடிந்த மண்டபம் மாதிரி இருக்கிறது. சம்பூரணம் சுட்டெலியை மூலைக்குக் கொண்டுபோவதற்குள் காபி ஆறிவிட்டது. கழட்டிவிட்டேன். இரண்டாவது கேடிஇ. அதில் எதைத் தொட்டாலும் பத்து வழி திறக்கிறது. மூன்றாவது சின்னமன். இதன் பேர் நம் சமையல்கட்டுப் பட்டைதானாம். பழைய விண்டோஸ் மாதிரியே கீழே பட்டை, இடது மூலையில் பட்டன். அவளுக்கு முகம் மலர்ந்தது.

கேட்டேன், "இப்ப வேகமா இருக்குதா?"

தட்டினாள். ரொம்ப நேரம் பிடித்தது. "நல்லா இருக்குதுங்க. நீங்க சாப்பிடுங்க."

இதிலும் "சாப்பிடுங்க" முழுசாக வரவில்லை. நானாகப் படித்துக்கொண்டேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

எக்ஸ்எஃப்சிஇ என்று எலும்பும் தோலுமாக ஒன்று போட்டோம். இதைவிட லேசான பாடி உலகத்திலேயே இல்லை என்று மேகலா சொன்னாள். மேகலா உட்கார்ந்து அடித்துப் பார்த்தாள். மழை பெய்கிற மாதிரி எழுத்து விழுகிறது. நான் அடித்தேன், எனக்கும் விழுகிறது. சம்பூரணம் அடித்தால் மட்டும் மெதுவாகிவிடுகிறது. சில மிஷினுக்கு ஆள் பார்த்து வேலை செய்கிற குணம் உண்டு. எங்கள் பழைய ஆம்ப்ளிஃபையர் நான் தட்டினால்தான் பாடும்.

மேகலா என்னைச் சமையல்கட்டுக்குக் கூட்டிப் போனாள்.

"மாமா, மிஷின்ல ஒண்ணுமில்லீங்க."

"அப்ப ஒயர்ல இருக்கும்."

"ஒயர்லயும் இல்லீங்க மாமா. அத்தையோட சுண்டுவிரலு ரெண்டும் தூக்க வர்றதில்ல. அமுக்குன கீயை விட்டு எடுக்கவும் முடியல. அதான் எழுத்து ரெட்டிக்குது."

"கீபோர்டுல ஸ்பிரிங் போயிருக்கும். நாளைக்கே புதுசு வாங்கியாறேன். மொதல்ல நீ சாப்புடு கண்ணு."

அவள் சாப்பிடவில்லை. போகும்போது மிஷினில் ஏதோ மாற்றிவிட்டுப் போனாள். கீயை அமுக்கியே வைத்திருந்தாலும் ஒரு எழுத்துதான் விழும். இப்போது இரட்டிப்பதில்லை. பார்த்தீர்களா, மிஷினில்தான் கோளாறு இருந்தது.

செப்டம்பர் 22, திங்கள்

புதுக் கீபோர்டு. கடைக்காரன் இது ராணுவத்தில் உபயோகிக்கிறது என்றான். அவன் சொல்லவில்லை, ஆனால் பார்த்தால் அப்படித்தான் இருக்கிறது.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. ஸ்பேனர், சோல்டரிங் அயர்ன், கத்தரிக்கோல், அரிவாள்மனை எல்லாவற்றையும் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்தேன். கம்ப்யூட்டருக்கும் வைத்தேன். திரைக்கு மாலை. கீபோர்டின் நான்கு மூலையிலும் பொட்டு. பொரி, கடலை, சுண்டல். பூஜைக்கு வைத்த ஆயுதத்தை மறுநாள் எடுக்கிற வரைக்கும் தொடக்கூடாது. எங்கள் கேபிள் ஆபீஸில் இதை நான் ஒரு வருஷமும் மீறியது கிடையாது. ஊரே பூசணிக்காய் உடைக்கிற அன்றைக்கு எவன் டிவி மக்கர் பண்ணினாலும் நான் போனதில்லை.

சம்பூரணம் காலையிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுண்டலைக் காட்டுகிறாளோ என்று ஊட்டினேன். வேண்டாம் என்று முகத்தைத் திருப்பினாள். ஃபேனைக் கூட்டினேன், குறைத்தேன், ஜன்னலைத் திறந்தேன், மூடினேன். ஐயர் சாமிக்கு நைவேத்தியம் காட்டுகிற மாதிரி வீட்டில் இருக்கிற சாமானை எல்லாம் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து காட்டினேன். எதுவும் இல்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவளுக்கு.

விளக்கு வைக்கிற நேரம் நானே மாலையைக் கழட்டினேன். சரஸ்வதியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் கழட்டினேன். சம்பூரணத்தின் கையைத் தூக்கிக் கீபோர்டில் வைத்தேன். குங்குமமும் சந்தனமும் விரலில் ஒட்ட ஒட்ட அடித்தாள்.

"முதுகுக்குக் கீழ ரவிக்கை ஊக்கு குத்துது."

காலையில் நான்தான் ரவிக்கை போட்டுவிட்டேன். ஊக்கு கழன்று உள்ளே விழுந்திருக்கிறது. எடுத்தேன். அந்த இடம் சிவந்து தடித்துப்போயிருந்தது. தேங்காய் எண்ணெய் தடவினேன்.

அப்புறம் இன்னொரு வரி அடித்தாள். "மிஷினுக்கு லீவு சரி. என் வாய்க்கும் லீவுங்களா?"

இனிமேல் ஆயுத பூஜை இந்த வீட்டில் ஸ்பேனருக்கு மட்டும்தான்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. தெற்கு வீதிச் சொந்தக்காரர்கள் வந்தார்கள். லினக்ஸைப் பற்றிச் சொன்னேன். இந்த மாவட்டத்திலேயே நான்கு டெஸ்க்டாப்பையும் போட்டுப் பார்த்துத் தீர்ப்புச் சொன்ன ஒரே ஆள் நான்தான் என்றேன். கலெக்டர் ஆபீஸிலிருந்து கூட விசாரித்தார்கள் என்றேன். எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள்.

சம்பூரணம் அடிக்க ஆரம்பித்தாள். எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். காத்துக்கொண்டே இருந்தார்கள். "மேற்படி நபர் சொ" என்று வந்து நின்றது. பிறகு வரவில்லை. வலது கை நழுவி மடியில் விழுந்தது. நான் எடுத்து வைத்தேன். மறுபடி விழுந்தது.

வந்தவர்கள் ஜிலேபியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா முறைக்காரர், "மிஷின் ஸ்டக்காயிருச்சு போலிருக்குது" என்றார்.

"ஆமாங்க சித்தப்பா, ஸ்டக்காயிருச்சு" என்றேன். அவர் ரொம்ப நல்ல மனுஷன்.

அவள் என்ன சொல்ல வந்தாள் என்று எனக்குத் தெரியும். மேற்படி நபர் சொல்வதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. நானே சத்தமாகச் சொல்லியிருக்கலாம். எல்லோரும் சிரித்திருப்பார்கள். அந்த நேரத்தில் தோன்றவில்லை.

நவம்பர் 2, ஞாயிறு

கீபோர்டைக் கழட்டி அட்டைப்பெட்டியில் போட்டு அலமாரியில் வைத்தாயிற்று. இனி ஒரு விரல் அசைந்தால் போதும் என்று மேகலா ஒரு ஏற்பாடு கொண்டுவந்தாள். திரையில் எழுத்துகள் வரிசையாக இருக்கும். மஞ்சள் வெளிச்சம் ஒவ்வொரு வரியாக இறங்கி வரும். வேண்டிய இடத்தில் ஒரு சுவிட்சை அமுக்கினால் நிற்கும். அதற்கு என்ன சுவிட்ச் என்பதுதான் கேள்வி.

இங்கேதான் கேபிள் நாச்சிமுத்து வேண்டும். முதலில் காலிங்பெல் சுவிட்சைப் போட்டேன். அவளால் அமுக்க முடியவில்லை. ஒரு பழைய சுட்டெலியைப் பிரித்தேன். அதன் பட்டனுக்கு அடியில் துவரம்பருப்பு அளவுக்கு ஒரு சுவிட்ச் இருக்கிறது. அதை எடுத்து நீளமாக ஒயர் பற்றவைத்து, சோப்பு டப்பா மூடியில் ஒட்டினேன். இடது கை நடுவிரலுக்குக் கீழே வைத்தேன். மிஷினிலிருந்து டிங் என்று கேட்டது.

மேகலா, "மாமா, இது அருமையா இருக்குதுங்க" என்றாள். நான் பதிலுக்கு ஒன்றும் சொல்லவில்லை. இதை இங்கே எழுதுவது, நான் ஒன்றும் சொல்லாமல் இருந்ததற்கும் ஒரு சாட்சி இருக்கட்டும் என்றுதான்.

டெஸ்க்டாப்பில் இப்போது கீழே பட்டை இல்லை, மூலையில் பட்டன் இல்லை, படம் இல்லை. கறுப்பு, அதில் மஞ்சள் எழுத்து. ஊரிலுள்ள பாடியை எல்லாம் மாட்டிப் பார்த்துவிட்டுக் கடைசியில் வெறும் சேஸிஸோடு நிற்கிறோம்.

நவம்பர் 9, ஞாயிறு

எழுத்து எழுத்தாகப் பொறுக்குவதற்குள் அவளுக்கு மூச்சு வாங்குகிறது. அதனால் முழு வார்த்தையாகவே பெரிய பெரிய கட்டங்கள் வைத்தோம். தண்ணி. வலி. திருப்பிப் படுக்க. ஃபேன். ஆமா. இல்லை. இன்னும் ஒரு கட்டம் காலியாக இருந்தது.

"அத்தை, இதுல என்ன போடட்டுங்க?" என்று மேகலா கேட்டாள்.

நான், "காபி" என்றேன். சம்பூரணம் "இல்லை"யை அமுக்கினாள். "சாமி படம்" என்றேன். இல்லை. "என் பேரைப் போடு கண்ணு, கூப்பிடறதுக்கு வசதி" என்றேன். இல்லை. அப்புறம் அவளே எழுத்துப் பலகையைக் கேட்டாள். மஞ்சள் வெளிச்சம் இறங்கியது, நின்றது, இறங்கியது, நின்றது. சம்பூரணம் மேகலாவின் தோளில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு, மறுபடி அமுக்கினாள்.

பொய்.

மேகலா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "மாமா, இருக்கறதுலயே பெரிய கட்டம் இதுக்குத்தானுங்க" என்று, சிவப்பு நிறத்தில் போட்டுவிட்டாள்.

நவம்பர் 15, சனி

காலையில் காவிரி வெள்ளத்தைப் பற்றிச் சொன்னேன். டிங். டெல்லிக்குக் கூட்டிப் போயிருப்பார்கள் என்றேன். டிங். பக்கத்து வீட்டுக்காரரிடம் வாசலில் நின்று லினக்ஸை உருவாக்கியவர்கள் எனக்குக் கடுதாசி போட்டிருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து டிங், டிங், டிங்.

"வீட்டுல என்னங்க மணியடிக்குது?" என்று கேட்டார்.

"பால் குக்கர்" என்றேன். டிங்.

இவ்வளவு நன்றாக எங்கள் வீட்டில் பேச்சு நடந்து ரொம்ப மாசமாகிறது. தண்ணி, வலி எல்லாம் அவள் அவ்வளவாக அமுக்குவதில்லை. அந்தச் சிவப்புக் கட்டம்தான்.

நவம்பர் 27, வியாழன்

கோயம்புத்தூர் போனோம். டாக்டர் அவளை வெளியே உட்காரவைத்துவிட்டு என்னிடம் பேசினார்.

கேன்டீனில் தேங்காய் பன் நன்றாக இருந்தது.

டிசம்பர் 6, சனி

சுவிட்சின் ஸ்பிரிங்கை இன்னும் மென்மையாக்கினேன். மறுபடி பிரித்து, தகட்டை நகவெட்டியால் ராவினேன். ஈ உட்கார்ந்தால் கூட டிங் என்கும். ஒரு ஈ உட்கார்ந்து அடித்தும் விட்டது. நான் எதுவுமே பேசாதபோது பொய் என்கிறதே என்று சிரித்தேன். அவள் கண்ணும் சிரித்தது.

டிசம்பர் 14, ஞாயிறு

மேகலா இரண்டு நாள் லீவு போட்டு வந்திருக்கிறாள். சம்பூரணத்துக்கு டியூப் வழியாகக் கஞ்சி ஊற்றப் பழகிக்கொண்டாள். என்னைவிட நிதானம். நான் ஊற்றினால் பாதி வெளியே போகிறது, டியூப் சின்னது.

என்னை உட்காரவைத்துக் கேட்டாள். "மாமா, டாக்டர் சொன்னதை அத்தைகிட்டச் சொல்லிட்டீங்களா?"

"அவளுக்கு எதுக்கு அதெல்லாம்."

"அத்தைக்குத் தெரியுமுங்க மாமா. மொதல்ல இருந்தே தெரியும். நீங்க டெஸ்க்டாப்பு டெஸ்க்டாப்பா மாத்திட்டு இருந்தப்பவே எனக்கு டைப் பண்ணிக் காட்டுனாங்க. 'மாமாவுக்கு ஒரு வேலை இருக்கட்டும், அவரு மாத்தறதை எல்லாம் போட்டுக் குடு கண்ணு'ன்னு."

நான் போய் மாவு அரைக்கப் போட்டேன். கிரைண்டர் ஓடுகிற வரைக்கும் பக்கத்திலேயே நின்றேன்.

டிசம்பர் 19, வெள்ளி

சம்பூரணம் இன்று பேசவில்லை. மிஷினைத் துடைத்தேன்.

டிசம்பர் 23, செவ்வாய்

மேகலா மறுபடி லீவு போட்டு வந்திருக்கிறாள், மத்தியானம் மருந்துக் கடைக்குப் போயிருந்தாள். சம்பூரணத்தைத் திருப்பிப் படுக்கவைத்து, தலையணையைச் சரிசெய்து, சுவிட்சை விரலுக்கு அடியில் வைத்தேன். மஞ்சள் வெளிச்சத்தைச் சிவப்புக் கட்டத்திலேயே நிறுத்திவைத்தேன். விரல் சுவிட்சின் மேல்தான் இருந்தது. பார்த்துத்தான் வைத்தேன்.

சொன்னேன். "டாக்டர் போன் பண்ணுனாரு சம்பூ. புது மருந்து ஒண்ணு வந்திருக்குதாம். பொங்கலுக்குள்ள நீ எந்திரிச்சு வாசல்ல பானை வெச்சுருவேன்னு சொன்னாரு."

காத்திருந்தேன். ஃபேன் சத்தம் மட்டும்தான்.

என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒயர் விட்டுப்போயிருக்குமோ என்று குனிந்து பார்த்தேன். இல்லை. அவள் விரலுக்குப் பக்கத்தில் என் விரலை வைத்து நானே அமுக்கினேன். டிங் என்று கேட்டது. மிஷின் நன்றாகத்தான் இருக்கிறது.

அமுக்க முடியவில்லையா, அமுக்க மனசில்லையா என்று அவளிடம் எப்படிக் கேட்பது. கேட்டால் அதற்கும் அவள் அமுக்கித்தான் சொல்லவேண்டும். மனசில்லை என்றே எழுதிக்கொள்கிறேன்.

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு காவிரியில் நீந்தினதைச் சொன்னேன். போன தரம் சொன்னதைவிட வெள்ளம் அதிகம், முதலையும் ஒன்று வந்தது. கலெக்டர் என் கையைப் பிடித்துக் குலுக்கினதைச் சொன்னேன். பத்திர ஆபீஸ் வாசலில் அவளை முதல் முதலில் பார்த்த அன்றைக்கு என்னிடம் சொந்தமாக ஜீப் இருந்தது என்றேன். மேகலா திரும்பி வருகிற வரைக்கும் சொன்னேன், வந்த பிறகும் சொன்னேன். அவசரப்படவில்லை. ஒவ்வொரு பொய்க்கும் அப்புறம், அவள் அமுக்குவதற்கு வேண்டிய நேரம் விட்டு விட்டுத்தான் சொன்னேன்.